குவியத் தொலைவு

மாணவர்களே, வெகுதொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களைக் குவிலென்சு ஒரு புள்ளியில் சேர்க்கும். அப்புள்ளி குவியம், லென்சிலிருந்து அதுவரை உள்ள தொலைவு குவியத் தொலைவு. குழியாடி, ஒளியை எதிரொளித்துக் குவிக்கும்.

பூதிகோட்டைக்குத் தென்கிழக்கே, சவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கு 1986இல் தொடங்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது பெங்களூரில் நம் நாட்டினரால் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அதன் குவியத் தொலைவு விட்டத்தைப்போல் 3.25 மடங்கு. இம்மடங்கே குவிய விகிதம். இவ்விகிதம் குறையக் குறைய, ஆடியின் வளைவைப் பிழையின்றி அமைத்தல் கடினமாகும். வளைவு சற்றே பிழைத்தாலும் விண்மீனின் பிம்பம் மங்கும். இன்று லென்சு வடிவமைக்கும் மென்பொருளுக்கும் விட்டம், குவியத் தொலைவு ஆகிய இவ்விரு அளவுகளே அடிப்படை.

பயிற்சி: அவ்வாடியின் குவியத் தொலைவு எத்தனை மீட்டர்? கணக்கிட்டு எழுதுக.