குழந்தைகளுக்கென்றே எழுதியவர்

கேள்வி: சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் போலக் குழந்தைகளுக்கென்றே எழுதியவர் தமிழில் உண்டா?
– வாசகர், ராஜகுளம், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: 1922இல் புதுக்கோட்டைப் பகுதியின் இராயவரத்தில் பிறந்து, இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே எழுதிய அழ. வள்ளியப்பாவையே முதலில் குறிப்பிட வேண்டும். லிண்ட்கிரென் (1907–2002) பிப்பி என்னும் அடங்காத சிறுமியின் கதைகளால் பெரியோரின் அதிகாரத்தைக் கேலிசெய்தார் எனில், 1944இல் ‘மலரும் உள்ளம்’ தொகுப்பை வெளியிட்ட வள்ளியப்பா, எளிய சொற்களும், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும் கூடிய, குழந்தைகள் ஓடியாடிப் பாடத்தக்க பாடல்களைத் தம் வழியாகக் கொண்டார். அறிவுரை சற்றே மிகுந்த இடங்களும் அவற்றில் உண்டு. எனினும், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றும், பின்னாளில் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியராக இருந்தும், 1989இல் மறையும்வரை பிறரையும் எழுதவைத்தது அப்பாடல்களுக்கு இணையான கொடையாகும்.