காபீன் உடலிற் சேரும் வழிகள்

திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்துக்கு அருகே, செங்கல்லால் சுருள் வடிவில் எழுப்பப்பட்ட காப்பிச் சாலை ஒன்று உண்டு. லாரி பேக்கர் வடிவமைத்த அக்கட்டடத்தில், இரவுப் பயணம் செய்வோரும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் உறக்கத்தை விலக்கக் காப்பி அருந்துவர். அவ்வாறு உறக்கத்தை விலக்கும் பொருள் காபீன் ஆகும். இன்று அது மாத்திரையாகவும், மெல்லும் பிசினாகவும், தகரக் குவளையில் அடைத்த பானமாகவும் விற்கப்படுகின்றது. வழி மாறினால் விளைவும் மாறுமா என்பது அறியத்தக்கது.

காப்பிக் கொட்டையினின்று காபீனை 1819-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர். இதன் மூலக்கூறு சிறியது, நீரிற் கரைவது, உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வையும் எளிதிற் கடப்பது. ஆதலின் அருந்திய காப்பியிலுள்ள காபீன் ஏறக்குறைய முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள் இரத்தத்தை அடைகின்றது. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகின்றது. வயிறு நிறைய உண்டபின் அருந்தினால், இரைப்பையினின்று குடலுக்குச் செல்வது தாமதப்படும்; சேரும் அளவு குறையாது.

மாத்திரை முதலிற் கரைய வேண்டும். எனவே அது சற்றுப் பிந்துகின்றது. பிசினை மெல்லும்போது காபீனில் ஒரு பகுதி கன்னத்தின் உட்தோல் வழியே நேராக இரத்தத்திற் கலப்பதால், விளைவு விரைவில் தோன்றும். எனினும் இறுதியில் சேரும் மொத்த அளவில் பெரிய வேற்றுமை இல்லை. இதற்கு மருத்துவமே சான்று. மூச்சு தடைப்படும் குறைமாதக் குழந்தைகளுக்குக் காபீன் சிட்ரேட் மருந்தாக அளிக்கப்படுகின்றது. அதை இரத்தக் குழாயிற் செலுத்தினாலும், வாய்வழிக் கொடுத்தாலும் அளவு ஒன்றே.

ஆகவே வழியானது வேகத்தை மட்டுமே மாற்றுகின்றது. உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்பதைத் தீர்மானிப்பது கல்லீரல். வளர்ந்தோரில் காபீனின் அளவு பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகின்றது. மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் உட்கொண்டவரின் உடலில் இரவு 11 மணிக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். கருவுற்ற பெண்களில், கடைசி மாதங்களில், இக்காலம் மும்மடங்காகலாம். பிறந்த குழந்தையின் கல்லீரல் முதிராமையால், அதற்குச் சில நாட்களே தேவைப்படும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகளின்படி, 150 மில்லிலிட்டர் வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது அதன் வரம்பு. தகரக் குவளைப் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கின்றது. குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அவை ஏற்றவையல்ல. தூய காபீன் தூளோ ஒரு தேக்கரண்டி அளவிலேயே உயிரைப் போக்கவல்லது.

எனவே ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் மக்களுக்கு உணர்த்தவேண்டியது ஒன்றுண்டு. காப்பி, தேநீர், மாத்திரை, பானம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணாது, நாள் முழுவதற்குமாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பரீட்சைக் காலத்தில் மாணவர் தம் கணக்கைத் தாமே எழுதிப் பார்த்தால், மாலைக் காப்பி இரவு உறக்கத்தை எவ்வாறு குறைக்கின்றது என்பது தெளிவாகப் புலப்படும்.