கட்டுப் பிரித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. எங்களோடுதான் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்துவிட்டு, "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. என் பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அதனால் அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன். தினமும் பிரண்டைத் துவையல், அவ்வப்போது ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறேன். பிரஷருக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இன்னொரு முறிவு வராமல் இருக்க வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில் (எலும்பு, மூட்டு சிகிச்சை நிபுணர்):

உங்கள் பயம் நியாயமானது. திடமான எலும்பு உள்ளவர் நின்ற இடத்திலேயே விழுந்தால் பெரும்பாலும் வீக்கத்தோடும் வலியோடும் போய்விடும். உங்கள் அம்மாவுக்கு எலும்பே முறிந்திருக்கிறது. 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு இப்படி முறிந்தால், வழுக்கிய தரையை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. உள்ளே எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெற்ற தாய்க்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் அதுவும் கூடுதல் ஆபத்துக் கணக்கில்தான் சேரும். உங்கள் பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவின் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். மணிக்கட்டை ஒட்டவைத்து அனுப்பியவர்கள், அது ஏன் முறிந்தது என்ற கேள்வியைக் கேட்கவில்லை. பல இடங்களில் நடப்பது இதுதான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

முதலில் டெக்ஸா ஸ்கேன். படுக்க வைத்து இடுப்பிலும் கீழ் முதுகிலும் எடுப்பார்கள். வலியில்லை, ஊசியில்லை, கால் மணி நேரம் போதும். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்க்கிறார்களே, அதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கூடவே ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றை வீட்டிலேயே செய்யலாம். அம்மாவைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு உயரத்தை அளந்து பாருங்கள். இளவயதில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, முதுகு கூன ஆரம்பித்திருந்தாலோ, அவருக்கே தெரியாமல் முதுகெலும்பு நசுங்கியிருக்கக்கூடும். அதற்கு ஓர் எக்ஸ்ரே தேவைப்படும்.

எலும்புப்புரை உறுதியானால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்று: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை சலைன்போல ஏற்றும் சோலெட்ரோனிக் அமில ஊசியும் உண்டு. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுவது நல்லது. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டதுண்டா என்று கேளுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பை அரித்துவிடும்.

ஆட்டுக்கால் சூப் ருசிக்குக் கொடுங்கள், ஆனால் அதில் இறங்கும் கால்சியம் சொற்பம். பிரண்டை சாப்பாட்டோடு சாப்பாடாக இருக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். இந்த வயதில் நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் 240 கிடைக்கும். 50 கிராம் கேழ்வரகு மாவில் 170-க்கு மேல். தோலோடு வறுத்த கறுப்பு எள் 10 கிராம் சேர்த்தால் இன்னும் 120. இவற்றோடு தயிரும் முருங்கைக்கீரையும் சேர்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும், குறைவதற்கு மட்டும் மாத்திரை போதும். அதைச் சாப்பாட்டோடு கொடுங்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரானால் நாலு மணி நேரம் தள்ளி. "ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்" என்று சொல்லும் அம்மாக்களுக்குப் புரதம் போதாது. சதை வற்றினால் கால் தள்ளாடும். பருப்பு, சுண்டல், முட்டை என்று ஏதாவது ஒன்று தினமும் வேண்டும்.

காலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் அதற்கு உதவும். அதற்காக அம்மாவைச் சித்திரை வெயிலில் மாடிப்படி ஏற்றிவிடாதீர்கள். ரத்தத்தில் குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுங்கள். வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மருந்தை வருடக்கணக்கில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த முடிவில், மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது.

இனி, விழாமல் பார்த்துக்கொள்வது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தத் தூக்க மாத்திரை. இரவில் அரைத் தூக்கத்தோடு பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர்தான் இடுப்பை முறித்துக்கொள்கிறார். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்மாவுக்குப் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால், பிரஷர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் பலரும் எழுந்திருக்கிறார்கள், அது பெயர்ந்து வந்துவிடும். சுவரில் துளைபோட்டுக் கெட்டியாகப் பொருத்திய கைப்பிடி வேண்டும். ரப்பர் கால் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். எண்ணெய்க் குளியல் ஆனவுடன் தரையை வேறு யாராவது சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். பழைய சேலையைக் கிழித்துப் போட்ட மிதியடி வழுக்கும், எடுத்துவிடுங்கள். அடி தேய்ந்த செருப்பும் அப்படித்தான். சேலை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். தண்ணீர் தெளித்த வாசலில் விடியற்காலை இருட்டில் கோலம் போட இறங்குவதானால் விளக்கு எரியட்டும். பரணில் இருப்பதை எடுக்க அவர் ஏறவே கூடாது. குனிந்து நிறைகுடத்தைத் தூக்குவதும் கூடாது. பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம். வேகத்தடையில் தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு நசுங்கி வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

உட்கார வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். அன்பால் செய்கிறீர்கள், ஆனால் அது கெடுதல். உழைக்காத எலும்பும் சதையும் மெலிந்துகொண்டே போகும். அவரை எழுப்பி நடமாட விடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து தடவை. பிறகு ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை வைத்துத் தடுமாறாமல் நிற்பது. காலையும் மாலையும் நீங்கள் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். வீட்டில் வாழும் முதியவர்களிடம் இப்படிச் சமநிலையும் கால் பலமும் கூட்டும் பயிற்சிகள், விழுவதைக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைக்கின்றன.

எவ்வளவு கவனித்தும் விழுந்துவிட்டால், இடுப்பு வலித்துக் காலை ஊன்ற முடியாவிட்டால், நீவவோ இழுத்துக் கட்டவோ விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலான இடுப்பு முறிவுகளை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, அடுத்த நாளே நிற்க வைக்கப் பார்ப்போம். படுக்கையில் விட்டால்தான் நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டி எல்லாம் வருகின்றன.

இந்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு போய் டெக்ஸா எடுங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவர் மேஜையில் வையுங்கள்.