வரவு சிறிது, தேவை பெரிது
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மாதத்தின் முதல் வாரத்தில் அப்பாவின் சம்பளம் வந்ததும் அம்மா ஒரு நோட்டுடன் உட்கார்ந்துவிடுவார். வீட்டு வாடகை, அரிசி, பால், பாட்டியின் மருந்து, எங்கள் பள்ளிக் கட்டணம் என எழுதிக்கொண்டே வருவார். பட்டியலின் கடைசியில் நிற்பது அடுத்த மாதத்திற்குத் தள்ளிப் போகும். சென்ற ஆண்டு அப்படிப் பல மாதங்கள் தள்ளிப் போனது அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

அரசின் நிலையும் இதுவே. வரிப்பணம் அளவுள்ளது, தேவைகளோ அளவற்றவை. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்று காத்திருக்க வேண்டும். இதனைப் பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்பர். அதாவது, ஒரு பணத்தின் உண்மையான விலை, அதைக் கொண்டு நாம் செய்யாமல் விட்ட வேறொரு நன்மையாகும். பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் நில்லாது, தக்கவாறு பகுத்துச் செலவிடுவதையும் வள்ளுவர் அரசின் திறமையாகக் கூறியது இதனாலன்றோ!

ஒரு கேள்வி, இரு விடைகள்

இதற்கு நம் மாநில வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1950-களில் சென்னை மாநிலத்தில் பள்ளி செல்லாத பிள்ளைகள் ஏராளம். எல்லோருக்கும் போதிய கட்டடமும் ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை.

1953-ல் முதலமைச்சர் இராஜாஜி ஒரு வழி கண்டார். கிராமத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரமே பாடம். காலையில் ஒரு பகுதியினர், பிற்பகலில் மற்றொரு பகுதியினர். அதே கட்டடத்தில் அதே ஆசிரியர் அதிகமான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால், "சலவைத் தொழிலாளியின் மகன் என்றும் சலவைத் தொழிலாளியாகவே இருக்க வேண்டுமா?" என்ற கேள்வி எழுந்தது. பெரியாரும் பிறரும் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்தனர். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசரிடமும் பணம் குவிந்து கிடக்கவில்லை. எனினும், பசித்த வயிற்றோடு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதை அவர் முதலில் எண்ணினார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணை நின்றார். தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையே உலையில் கொதித்தது. பின்னர்ச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடின. கட்டடம், நாற்காலி, கரும்பலகை, சீருடை என மக்கள் மனமுவந்து கொடுத்தனர்.

பாட்டி சொன்னது

எண்பதை நெருங்கும் என் பாட்டி அந்தச் சோற்றை உண்டவர். "மத்தியானம் சோறு போடுறாங்கன்னுதான் எங்க அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டா. இல்லேன்னா களையெடுக்கப் போயிருப்பேன்" என்பார்.

"அப்புறம் ஏன் பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல படிக்க ஏழு மைல் போகணும். பொம்பளப் பிள்ளையை யாரு விடுவா?"

உயர்நிலைப் பள்ளி அவ்வூருக்குப் பிறகு வந்தது. அதற்குள் பாட்டிக்குத் திருமணம் ஆகிவிட்டது. இருக்கும் பணத்தில் முதலில் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கியது தவறென்று நான் கூறமாட்டேன். நான் அமைச்சராக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆயினும், அந்த நல்ல முடிவிலும் காத்திருந்தே காலம் கடந்துபோன ஒரு சிறுமி இருந்தாள் என்பதை மறக்க முடியவில்லை.

பின்னர் நடந்தவை

1982 ஜூலை 1-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இவ்வளவு பணத்தைத் தொழில் வளர்ச்சிக்குச் செலவிடலாகாதா என்று அப்போது பலர் கேட்டனர். தவறான கேள்வியன்று, கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் உண்ட பிள்ளையின் உடல்நலமும் படிப்பும் ஒரே ஆண்டின் வரவுசெலவுக் கணக்கில் தெரிவதில்லை. 1995-ல் நடுவண் அரசும் பள்ளி உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது.

முடிவுரை

எத்தனை பேருக்குப் பயன்? யாருக்கு மிகுந்த தேவை? எது காத்திருக்கலாம், எது காத்திருக்க முடியாது? இவற்றைச் சீர்தூக்குவதே நல்லரசு. அதனினும் மேலாக, காத்திருக்க வைத்தவர்களின் பெயரை அது குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை பட்டியல் எழுதும்போது அவர்களே முதலில் வர வேண்டும்.

சென்ற தீபாவளிக்கு முன் அப்பா முதலில் வாங்கியது அம்மாவின் கண்ணாடியைத்தான். பாட்டியோ இன்றும் வங்கியில் கைநாட்டு வைப்பதில்லை. தம் பெயரைத் தாமே எழுதுகிறார். தோழியரே, நாளை வாக்களிக்கப் போகும் நாம், "எனக்கு என்ன கிடைத்தது?" என்று மட்டும் கேளாமல், "யார் இன்னும் காத்திருக்கிறார்கள்?" என்றும் கேட்கப் பழகுவோமாக!