பிரித்துப் போட்ட இன்ஜின்தான் உங்கள் சாட்சி

கேள்வி: ஐந்தாவது ஆண்டில் இருக்கும் என் டீசல் கார், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வீட்டு வாசலில் நின்றபடியே பானெட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் சாவியைத் திருகிப் பார்த்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது, அதோடு சரி. சர்வீஸ் சென்டரில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது, புது இன்ஜின் போட ரூ.3,40,000 ஆகும் என்றார்கள். வெளி மெக்கானிக் ரூ.1,25,000-க்கு இன்ஜின் வேலை செய்து தருவதாகச் சொல்கிறார். பாலிசியில் ஐடிவி (காப்பீடு செய்த மதிப்பு) ரூ.4,80,000. ஜீரோ டெப் எடுத்திருக்கிறேன். ஆனால் காப்பீட்டு நிறுவனம், இன்ஜின் பழுது ‘தொடர்விளைவு இழப்பு’ என்று 2025 ஜனவரியில் கடிதம் அனுப்பி, சீட், தரைவிரிப்பு, ஒயரிங் ஆகியவற்றுக்கு மட்டும் ரூ.38,000 தருவதாகச் சொன்னது. அந்தத் தொகையை நான் வாங்கவில்லை. பதினான்கு மாதங்களாக வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கிறது. இப்போது நிறுத்தக் கட்டணமும் கேட்கிறார்கள். புது இன்ஜின் போட்டுவிட்டு, வழக்குப் போட்டு முழுத் தொகையையும் வாங்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம்

பதில்: இன்ஜினைச் செப்பனிடுவதா, மாற்றுவதா என்று கேட்கிறீர்கள். உங்கள் வழக்கில் அது இரண்டாவது கேள்விதான். அந்த ராட் எப்போது, எதனால் வளைந்தது என்பதே முதல் கேள்வி. வெள்ளத்தால் வளைந்தது என்று நிலைநாட்ட முடிந்தால் நிறுவனம் பணம் தர வேண்டியிருக்கும். நீங்கள் சாவியைத் திருகியதால்தான் வளைந்தது என்று நிலைநாட்டப்பட்டால், புது இன்ஜின் போட்டாலும் பழையதைச் சரிசெய்தாலும் செலவு உங்களுடையது. இதற்கான விடை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டிருக்கும் இன்ஜினுக்குள் இருக்கிறது. ஆகவே அதை முறையாகப் பதிவு செய்யும்வரை ஒரு போல்ட்டைக்கூட மாற்ற விடாதீர்கள். பழைய பாகங்களை இரும்புக் கடைக்குப் போக விட்டால் சாட்சியை நீங்களே அழித்தவர் ஆவீர்கள்.

நிறுவனத்தின் வாதம் எதில் நிற்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். தனியார் கார்களுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் வெள்ளம், புயல், நீர் சூழ்தல் ஆகியவை பாதுகாப்புக்குள் வருகின்றன. அதே பாலிசி தொடர்விளைவு இழப்பு, தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவற்றை விலக்குகிறது. தண்ணீரைக் காற்றைப் போல அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றினால் மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் முட்டி நிற்கும், முழு விசையும் ராடில் இறங்கி அது வளையும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் நீரே இதற்குப் போதும். ‘வெள்ளம் நீரைக் கொண்டுவந்தது, ராடை வளைத்தது நீங்கள்’ என்று நிறுவனம் சொல்வதன் பொருள் இதுதான். இதை ஈடுசெய்யவே இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு தனியாக விற்கப்படுகிறது. உங்களிடம் இருக்கும் ஜீரோ டெப் வேறு வகை. ஏற்கப்பட்ட கிளைமில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது மட்டுமே அதன் வேலை, விலக்கப்பட்ட இழப்பை அது உள்ளே கொண்டுவராது. ஜீரோ டெப் இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பிப் பாலிசியைப் படிக்காமல் விடுபவர்கள் ஏராளம். உங்கள் கடிதத்திலும் அந்த நம்பிக்கை தெரிகிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

அதற்காக நிறுவனத்தின் கடிதமே தீர்ப்பு ஆகிவிடாது. விலக்குப் பிரிவைச் சொல்லி மறுக்கும் நிறுவனம், அது பொருந்துகிறது என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும். 2007-இல் நேஷனல் இன்ஷூரன்ஸ் தொடர்பான ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே இறுதி வார்த்தை ஆகாது என்று 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் தொடர்பான பிரதீப் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. மேலும் பாலிசியின் நான்காவது நிபந்தனை, பழுது நீக்கும் முன் வண்டியை ‘ஓட்டினால்’ கூடுதலாக ஏற்படும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்கிறது. நீங்கள் வண்டியை ஓட்டவில்லை, நின்ற இடத்திலேயே சாவியைத் திருகினீர்கள். பாலிசி வாசகத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற விதி இங்கே உங்களுக்குத் துணை வரலாம். எண்ணெயில் நீர் கலந்தது, பேரிங்கில் துரு ஏறியது போன்றவை சாவியைத் திருகாமலே நேர்ந்திருக்கும் சேதங்கள். அவற்றை ராடிலிருந்து பிரித்துக் கேட்க உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் இத்தகைய வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்களின் முடிவுகள் இரு பக்கமும் போயிருக்கின்றன. வெற்றி நிச்சயம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாவியைத் திருகியதை மறைக்கலாமா என்ற எண்ணமும் வேண்டாம். கிளைம் படிவத்தில் எழுதியிருந்தால் அது நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. மாற்றிச் சொன்னால் வழக்கின் மற்ற நல்ல பகுதிகளும் அதோடு சேர்ந்து விழும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். பழுதைச் சரிசெய்வதா, பாகத்தை மாற்றுவதா, பணமாகத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாலிசியின் மூன்றாவது நிபந்தனை நிறுவனத்துக்குத்தான் தருகிறது. பகுதி இழப்பில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ‘உண்மையான, நியாயமான’ செலவு மட்டுமே. காப்பீடு வெள்ளத்துக்கு முந்தைய நிலைக்கு உங்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக இருக்கிறது. ஐந்தாண்டு ஓடிய இன்ஜினுக்குப் பதில் புதியதைத் தருவதற்கு அது ஏற்பட்டதல்ல. எனவே ரூ.1,25,000-இல் நியாயமாகச் சரியாகும் இன்ஜினுக்கு நீங்களாக ரூ.3,40,000 செலவழித்தால், வழக்கில் வென்றாலும் வித்தியாசமான ரூ.2,15,000 உங்கள் தலையில் விழக்கூடும். எது நியாயம் என்பதைத் தீர்மானிப்பது இன்ஜின் பிளாக். ராட் மட்டும் வளைந்து, கிராங்க் ஷாஃப்டும் சிலிண்டர்களும் அளவுக்குள் இருந்தால் செப்பனிடுவதே நியாயமான செலவு. உடைந்த ராட் பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, கிராங்க் அமரும் இடம் அளவு கெட்டிருந்தாலோ மாற்றுவதே நியாயம். அப்போதும் முழு இன்ஜின் தேவையா, ஷார்ட் பிளாக் (இன்ஜினின் கீழ்ப்பகுதி மட்டும்) போதுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது மெக்கானிக்கின் வாய்மொழி அல்ல, ஒவ்வொரு பாகத்தின் அளவும் எழுதிய அறிக்கை.

இந்தத் தேர்வு இன்னொரு கணக்கையும் மாற்றுகிறது. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருத வேண்டும் என்கிறது பாலிசி. ரூ.4,80,000-இல் 75 சதவீதம் ரூ.3,60,000. புது இன்ஜின் ரூ.3,40,000, மற்றவை ரூ.38,000, ஆக மொத்தம் ரூ.3,78,000. ஜீரோ டெப்பின்படி தேய்மானம் கழிக்கப்படாவிட்டால் இது எல்லையைத் தாண்டுகிறது. செப்பனிட்டால் மொத்தம் ரூ.1,63,000 மட்டுமே, எல்லையின் பாதியைக்கூட எட்டாது. ஆகவே புது இன்ஜின்தான் தேவை என்று உண்மையாகவே நிரூபணமானால், உங்கள் கோரிக்கை இன்ஜின் விலைக்கானதாக இல்லாமல் முழு இழப்புக்கானதாக மாறலாம். ஆனால் இன்ஜின் சேதமே பாலிசிக்குள் வரும் என்று நிலைநாட்டினால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. சர்வீஸ் சென்டரின் மதிப்பீட்டுத் தாளை மட்டும் காட்டி இதைக் கேட்டால் எடுபடாது.

‘செப்பனிட்ட இன்ஜினை நம்ப முடியாது, கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மாற்றத்தான் சொல்கிறார்கள்’ என்று நீங்கள் சொல்லலாம். அது உங்கள் மன நிம்மதிக்கான நியாயமான காரணம். அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒர்க்‌ஷாப்பின் கொள்கை காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ‘இரண்டும் வேண்டாம், சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்று வாங்கிப் போடுகிறேன்’ என்று எண்ணினால் இன்னும் கவனம் தேவை. உங்கள் ஆர்சி புக்கில் இருக்கும் இன்ஜின் எண் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றி இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். காரின் மேல் கடன் இருந்தால் கடன் தந்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள். ரசீதும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. எண் பொருந்தாத வண்டிக்கு நாளை ஒரு விபத்து நேர்ந்தால் அந்த கிளைமும் சிக்கலாகும்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. பதினான்கு மாதங்கள் என்ன செய்தீர்கள்? நிறுவனத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. சர்வே அறிக்கையின் நகல் கேட்டதாகவும் இல்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டிய ஆவணம் அது. வாசலில் வண்டி மூழ்கி நின்ற படம் ஒன்றாவது இருக்கிறதா என்றுகூடக் கடிதத்தில் இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞர் இன்றி நீங்களே முறையிட்டிருக்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, அந்த முறையீட்டுக்கு மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் அங்கே போயிருக்க வேண்டும். ஜனவரிக் கடிதத்தையே அந்த மறுப்பாக எடுத்துக்கொண்டால் கெடு முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் அதற்கு வலுவான காரணம் வேண்டும். திறந்து கிடந்த இன்ஜினில் பதினான்கு மாதத் துரு ஏறியிருக்கும். எது வெள்ளத்தின் துரு, எது உங்கள் தாமதத்தின் துரு என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? நிறுத்தக் கட்டணத்தையும் நிறுவனத்திடம் வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73-இன் விளக்கம். சும்மா இருந்த மாதங்களுக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள்.

ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணினால் 2027 ஜனவரி வரை நேரம் இருக்கிறது. வெள்ளம் வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்றும் எதிர்த்தரப்பு வாதிடலாம் என்பதால் 2026 நவம்பருக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன், உரிமம் பெற்ற தனிச் சர்வேயர் ஒருவரைக் கொண்டு இன்ஜினை ஆய்வு செய்யுங்கள். ஏர் ஃபில்டரிலும் காற்றுக் குழாயிலும் நீர் ஏறிய தடம், ஒவ்வொரு ராடின் அளவு, பிளாக்கின் நிலை, இன்ஜின் எண் எல்லாம் படங்களோடு அறிக்கையில் வரட்டும். கைபேசிப் படங்களை ஆணையத்தில் வைக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் தேவைப்படலாம். அந்தக் கைபேசியைப் பத்திரமாக வைத்திருங்கள். குறிப்பிட்ட தேதியில் இன்ஜினைப் பார்வையிட வருமாறும், வராவிட்டால் பழுதுபார்க்கத் தொடங்குவதாகவும் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுதுங்கள். அந்த நாள் கடந்த பிறகு, பிளாக் நன்றாக இருந்தால் செப்பனிட்டு வண்டியை வெளியே எடுங்கள். பழைய பாகங்களை எண்ணிட்டுப் பெட்டியில் வையுங்கள். ரூ.38,000-ஐ இப்போது வாங்க நேர்ந்தால், ‘முழுத் தீர்வு’ என்று அச்சிட்ட தாளில் ஆட்சேபத்தை எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்.

உங்கள் பாலிசியின் முழு வாசகத்தையும் மறுப்புக் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை. மேலே சொன்னது நீங்கள் எழுதிய விவரங்களுக்கு மட்டும் பொருந்தும் பொதுவான கருத்து. பாலிசி, கிளைம் படிவத்தின் நகல், மறுப்புக் கடிதம், சர்வே அறிக்கை, இரண்டு மதிப்பீடுகள், ஆர்சி புக் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நுகர்வோர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள், இந்த வாரமே. ஒர்க்‌ஷாப்புக்கு இன்றே போன் செய்து, பிரித்த பாகங்கள் எதையும் வெளியே போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.