விதைக்கடலையைத் தோண்டினது யார்? ஒரு சாண் உயரத்தில் ஒரு கேமரா

போன மார்கழிப் பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கடலை போட்டேன். விதைத்த மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வரப்போரத்துச் சால்களில் வரிசையாகக் குழி. குழிக்குப் பக்கத்தில் பருப்பின் சிவப்புத் தோல் சிதறிக் கிடக்கிறது.

"அணில்தான் சார், வேற யாரு?" என்றார் வேலைக்கு வரும் பெரியவர். எனக்கும் சந்தேகமில்லை. விடிந்தால் வேம்பிலிருந்து நாலைந்து அணில் இறங்கி வரப்பில் ஓடுவதைத் தினமும் பார்க்கிறேனே. கடையில் மருந்து கேக் வாங்கி வரப்பில் நாலு இடத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்.

அந்த மருந்தை நான் ஒருமுறை வைத்திருக்கிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த முதல் வருஷம், இயற்கை வழிக்கு வருவதற்கு முன்னால். அந்த கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, சில நாள் தள்ளாடித்தான் சாகும். தள்ளாடும் எலி யாருக்குச் சுலபமாகக் கிடைக்கும்? எலி பிடிக்கிற ஆந்தைக்கும் கீரிக்கும்தான். ஐந்தாம் நாள் கிணற்று மேட்டில் ஒரு கீரி செத்துக் கிடந்தது. மருந்தால்தான் என்று நிரூபிக்க என்னிடம் வவுச்சர் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் புதைத்தவன் நான்.

அதனால் இந்த முறை, கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். மகனிடம் சொல்லி ஒரு தானியங்கிக் கேமரா வாங்கினேன், ஏழாயிரத்துச் சொச்சம். "அணிலை போட்டோ புடிக்கவா ரிட்டயர் ஆனீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள்.

இது புதிய வித்தை இல்லை. வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களிலேயே காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி தானே மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 2018-19 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் இப்படிக் கேமரா வைத்தார்கள். நமக்கு ஒன்று போதும்.

கேமராவின் முகத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. சுற்றுப்புறத்தின் சூட்டுக்கும் உயிரின் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் எதிரே நகர்ந்தால் அது கேமராவை எழுப்பும். இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு எரிந்து கருப்பு வெள்ளையில் படம் விழும். இது புரிந்தால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். எனக்குப் புரியவில்லை. முதல் மூன்று நாளில் எழுநூறு படம், அத்தனையும் ஆடுகிற புல்! கிழக்கே பார்த்து வைத்ததால் காலை வெயில் நேரே அடித்துச் சில படங்கள் வெளுத்தே போயின. வடக்கு பார்த்து வையுங்கள், தெற்கும் பரவாயில்லை. எதிரே ஆறடிக்குப் புல்லை மழித்துவிடுங்கள். சித்திரை உச்சி வெயிலில் மண்ணும் உடம்பும் ஒரே சூடாக இருக்கும்போது சென்சார் ஏமாந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

உயரம்தான் முக்கியம். புலிக்கு முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள். அணிலுக்கும் எலிக்கும் ஒரு சாண் போதும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு பழுப்புப் புள்ளி. அதன் கண் மட்டத்தில் பார்த்தால்தான் வாயில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஒரு முளைக்குச்சி அடித்து அதில் கட்டினேன். ரொம்பக் கிட்டே வைத்தால் படம் மங்கும். ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். அந்தத் தூரத்தில் இரவு விளக்கு அதிகமாகி எலி வெள்ளைத் துணி மாதிரி தெரிந்தது. விளக்கின் மேல் பாதிக்குக் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினேன், சரியாகிவிட்டது. எறும்பு உள்ளே குடியேறாமல் இருக்கக் குச்சியின் அடியில் வேப்பெண்ணெய் துணி சுற்றினேன்.

தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். நான் காலை, மாலையை மாற்றி வைத்துவிட்டு, இரவு 8 மணிக்கு அணில் வந்ததாக நோட்டில் எழுதினேன். படமோ பளிச்சென்று கலரில் இருக்கிறது! முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவன் செய்கிற வேலையா அது?

அந்த நோட்டுதான் விடை சொன்னது. ஒன்பது நாள் வைத்தேன். அணில் வந்தது காலை ஆறரைக்கு மேல், பிறகு சாயங்காலம். சில படங்களில் கையில் விதைக்கடலை இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரே சாலை மோந்துகொண்டே வந்து குழி பறித்தது வெள்ளெலி. பெரிய கண், உடம்பை விட நீண்ட வால், வால் நுனியில் கருப்புக் குஞ்சம். அணில் ஒரு படத்தில் வந்தால் வெள்ளெலி ஐந்தாறு படத்தில் வந்தது. அணில் இரவில் கூட்டை விட்டு இறங்காது, ஆகவே ராத்திரிக் குழிகளில் ஒன்றுகூட அதன் கணக்கில் சேராது.

ஆறாம் நாள் இரவு கேமராவுக்கு முன்னால் மண்ணில் ஒரு புள்ளி ஆந்தை நின்றது. மறுநாள் பகலில் ஒரு கீரி. கிணற்று மேட்டில் புதைத்ததற்கு நாலு வருஷம் கழித்து என் நிலத்தில் நான் பார்த்த முதல் கீரி அது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மருந்துப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

பிறகு செய்தது எல்லாம் பழைய வேலைதான். வளை இருந்த வரப்புகளை வெட்டிச் சிறுத்தோம். ஆந்தை உட்கார டி வடிவில் குச்சிகள் நட்டோம். தஞ்சாவூர் கிட்டி வைத்தோம். ஆனால் இருட்டிய பிறகு வைத்து விடியுமுன் எடுத்துவிடுவோம். பகலில் விட்டால் அணிலும் கீரிக்குட்டியும் மாட்டும். கிட்டியின் நேரத்தை எனக்குச் சொன்னது கேமராதான். அணிலுக்கு, முளை வருகிற வரை காலையில் இரண்டு மணி நேரம் ஆள் காவல். விட்டுப்போன குழிகளில் மறுபடி விதை போட்டோம். சேதம் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆட்கள் நடக்கிற பாதைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. கேமரா வாங்க வசதியில்லாதவர்கள், பகல் விருந்தாளிகளுக்குப் பழைய செல்போனே போதும். தண்ணீர்ச் சட்டிக்கு எதிரே, லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி தலைகீழாகச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு விலகிவிடுங்கள்.

இப்போது காலையில் வந்ததும் பெரியவர் கேட்பது, "ராத்திரி யார் சார் வந்தது?" என்றுதான். போன வாரம் பப்பாளி மரத்தடியில் ஒரு மரநாய் வந்திருந்தது. அதன் கணக்கை இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை.