புனித கத்தேரியும் அவரது போர்வையும்

அடக்கம் என்ற சொல்லை நம் குமர்ப்பிள்ளைகள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். உடுப்பைப் பற்றியும் நடையைப் பற்றியும் அவர்களுக்குப் புத்தி சொல்லாதவர் இல்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களில், பல கண்கள் பார்க்கும் இடத்தில், இந்தக் கண்காணிப்பு இன்னும் கூடுதல். ஆகவே இம்முறை எமது பாடத்துக்கு, உரலில் சோளன் இடித்து, விறகு சுமந்து, 24 வயதில் இறந்துபோன ஒரு கமக்காரப் பெண்ணின் வாழ்வை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் புனித கத்தேரி தேகாக்விதா. 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் அவரைப் புனிதராக அறிவித்தார். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா ஆகிய நாடுகளின் முதற்குடி மக்களுள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதலாமவர் இவரே.

இவர் 1656இல், இன்றைய நியூயோர்க் மாநிலத்தில் இருந்த ஒரு மோகோக் ஊரில் பிறந்தார். தந்தை அவ்வினத்தின் தலைவர்களுள் ஒருவர். தாய் போரில் பிடித்துவரப்பட்ட அல்கொன்குவின் இனத்துக் கிறிஸ்தவப் பெண். பிள்ளைக்கு நான்கு வயதளவில் வைசூரி வந்தது. தாய், தந்தை, தம்பி மூவரையும் அது கொண்டுபோயிற்று. தப்பிய பிள்ளையின் முகத்தில் தழும்பு நின்றது, பார்வையும் மங்கியது. தேகாக்விதா என்ற பெயருக்குத் தட்டித் தடவி நடப்பவள் என்றும் பொருள் சொல்வதுண்டு. வெயில் கண்ணைக் கூசவைத்ததால் தலையைப் போர்வையால் மூடிக்கொண்டே வெளியில் போவார். பின்னாளில் பக்தியின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட அந்தப் போர்வை நோயில்தான் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது.

1666ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பிரெஞ்சுப் படை வந்து மோகோக் ஊர்களை எரித்தது. சேமித்து வைத்த சோளனும் எரிந்தது. அறுவடை முடிந்து, குளிர்காலம் தொடங்கும் வேளை அது. விதைநெல்லோடு வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தேகாக்விதாவுக்கு அப்போது பத்து வயது. சனங்கள் ஆற்றின் வடகரையில் மறுபடியும் ஊர் கட்டினார்கள்.

அவர்களது வீடு மரப்பட்டையால் வேய்ந்த நீண்ட கொட்டில். பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ். நடுவில் அடுப்புகள் வரிசையாக எரியும். அறை என்று ஒன்றில்லை. அகதி முகாம் மண்டபங்களில் சேலையை மறைப்பாகக் கட்டி வாழ்ந்தவர்கள் அந்த வாழ்வை எளிதில் நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பெண்ணுக்குத் தனிமை தந்தது அவளது போர்வை ஒன்றே.

தோட்டம் பெண்களுடையது. சோளனைச் சிறு மண்மேடுகளில் ஊன்றி, அதன் தண்டில் அவரையைப் படரவிட்டு, அடியில் பூசினி நடுவார்கள். பூசினி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். அவரை மண்ணை வளப்படுத்தும். (இந்தக் கலப்புச் செய்கையை நமது கமத்தொழில் பக்கத்தில் தனியாகவே எழுதலாம்.) கண் மங்கிய தேகாக்விதாவும் இந்த வேலையில் நின்றார். சோளனை மரவுரலில் உலக்கையால் இடித்தார். தண்ணீரும் விறகும் சுமந்தார். சுமையை முதுகில் தாங்க நெற்றியில் மாட்டும் நார்ப்பட்டிகளைப் பின்னுவதில் அவர் கை தேர்ந்தது. தோலில் அலங்கார வேலை செய்யவும் நன்றாகத் தெரியும். சிறுவயதில் வீட்டுப் பெண்கள் அவருக்குச் சிப்பி மணிகளைப் பூட்டி அழகு பார்த்தார்கள். பின்னர் அவற்றை அவர் விட்டுவிட்டார். அழகை அறியாதவர் அல்லர். தாமே செய்யத் தெரிந்த ஒன்றைத் தமக்கு வேண்டாமென்று வைத்தவர்.

திருமணப் பேச்சு வந்தபோது வீட்டார் வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. அவர்களது வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். அவன் வேட்டையாடும் இறைச்சி அந்த வீட்டுக்கு. அநாதைப் பிள்ளையை வளர்த்தவர்கள் அதை எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஒருநாள் ஓர் இளைஞனை அழைத்து அவர் அருகில் இருத்தினார்கள். அவனுக்குச் சோளன் கூழ் கொடுத்தால் சம்மதம் என்பது முறை. தேகாக்விதா எழுந்து வெளியே ஓடித் தோட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டார். அடக்கமான பெண் என்றால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவாள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

1676இல் உயிர்ப்புத் திருநாளன்று யேசு சபைக் குருவான லாம்பர்வில் அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். சியன்னா நகர்ப் புனித கத்தரீனாவின் பெயரே மோகோக் மொழியில் கத்தேரி ஆயிற்று. ஞாயிறு நாளில் தோட்ட வேலைக்குப் போகாததால் அன்று அவருக்குச் சாப்பாடு இல்லை. பிள்ளைகள் கல் எறிந்தார்கள். 1677இல், வளர்த்தவர் வெளியூர் போயிருந்த வேளை, அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். காடும் ஆறும் கடந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வடக்கே, சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் இருந்த கிறிஸ்தவக் குடியிருப்பை அடைந்தார். நம் உறவினர் பலர் இன்று வாழும் மொன்றியல் நகருக்கு எதிர்க்கரை அது. அவ்வருட நத்தாருக்கு முதல் நற்கருணை பெற்றார்.

கிறிஸ்தவர்கள் மத்தியில் வந்ததும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. குளிர்காலத்தில் குடும்பங்கள் காட்டுக்கு வேட்டைக்குப் போகும். அங்கே கத்தேரி ஓடைக்கரை மரமொன்றில் சிலுவை அடையாளம் செய்து, தனியே போய்ச் செபித்து வந்தார். ஓரிரவு களைத்து வந்த வேட்டைக்காரன் ஒருவன் இருட்டில் அவரது படுக்கைக்கு அருகில் விழுந்து தூங்கிவிட்டான். அவன் மனைவிக்குச் சந்தேகம். தனியே எங்கே போகிறாள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஊர் திரும்பியதும் விடயம் குருவிடம் போயிற்று. கத்தேரி அமைதியாக மறுத்தார், குரு நம்பினார். ஆனாலும் அதன்பின் அவர் வேட்டைக்குப் போகவேயில்லை. காட்டில் இறைச்சி உண்டு, ஊரில் சோளன் மட்டுந்தான். ஒரு பெண்ணின் பெயரில் விழுந்த பேச்சுக்கு விலை கொடுத்தவர், பேசியவர் அல்ல, அவரேதான். மரத்தடியிலும் கிணற்றடியிலும் பிள்ளைகளின் பெயரை எடுக்கும்போது இதைக் குடும்பமாக இருந்து பேசிப் பார்க்கலாம்.

இங்கேயும் திருமணம் செய் என்றார்கள். உனக்குச் சோறு யார் தருவார், துணி யார் தருவார் என்று கேட்டார்கள். தமது கையுழைப்புப் போதும், உடுக்க ஏதாவது கிடைக்கும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக, அவரை நேரில் அறிந்த சோலனெக் அடிகளார் எழுதியிருக்கிறார். 1679 மார்ச் 25இல், மங்கள வார்த்தைத் திருநாளில், கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தார். எவரும் அவரை ஐரோப்பியப் பெண்ணாக உடுக்கச் செய்யவில்லை. தம் மக்களின் உடையில், தலையில் அதே போர்வையுடன் இருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. புனிதர் வரலாறுகள் இவரது கடுந்தவங்களை விரிவாகப் பேசும். படுக்கையில் முள்ளைப் பரப்பிப் படுத்தார். அறிந்ததும் குருவே அவற்றை எறியச் சொன்னார். ஏற்கெனவே நலிந்த உடல் அது. அந்தத் தவத்தை எந்தப் பிள்ளையும் பின்பற்ற வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம்.

1680 ஏப்ரலில், புனித வாரத்தில், அவர் படுக்கையாய்க் கிடந்தார். இறுதி நற்கருணையை அவர் இருந்த கொட்டிலுக்கே கொண்டுவர முடிவாயிற்று. ஆண்டவரை வரவேற்கத் தம்மிடம் நல்ல உடுப்பு இல்லை என்று தோழி மரி தெரேசாவிடம் மெதுவாகச் சொன்னார். தோழி தன் உடுப்பைக் கொண்டுவந்து உடுத்திவிட்டாள். அதனுடனேயே நற்கருணை வாங்கினார். விறகுக்குப் போக வேண்டிய பெண்கள், தாம் வருமுன் அவர் இறந்துவிடுவாரோ என்று தயங்கி நின்றார்கள். போய் வாருங்கள், அதற்குள் திரும்பிவிடுவீர்கள் என்று அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்தபின், 17ஆம் திகதி புதன்கிழமை, உயிர் பிரிந்தது.